மழுங்கும் வாள்!

சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் துணி பட்டுமல்ல, பீதாம்பரமுமல்ல. மணமேடைக்குச் செல்வதுமல்ல, மாளிகைக்குச் செல்வதுமல்ல. புண்ணைச் சுற்றும் துணி அது! இராஜபாளையத்தை அடுத்த அந்த ஊரிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஓடுகிற விசைத்தறிகள், எத்தனையோ மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி அனுப்புகின்றன. எங்கோ ஒரு தாயின் வயிற்றிலே போட்ட தையலை மூடுவதும், எங்கோ ஒரு தொழிலாளியின் நசுங்கிய விரலைச் சுற்றுவதும் நம் பக்கத்து நெசவாளியின் உழைப்பு. பெருமைதான், மறுப்பாரில்லை.

ஆனால் தோழர்களே, கட்டுத்துணி காயத்தை மூடும், ஆற்றாது! ஆற்றுவது உடலின் வலிமை. அந்த வலிமைக்குத் துணைநின்று, புண்ணிலே குடியேறும் கிருமியைக் கொல்வது மருந்து. கிருமியை வெட்டி வீழ்த்த மனித அறிவு வடித்தெடுத்த அந்த வாள் இன்று மழுங்கிக்கொண்டு வருகிறது.

"மருந்து கொடுத்தாயிற்று, மாற்றியும் கொடுத்தாயிற்று" என்கிறார் மருத்துவர். "கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையே!" என்று கதறுகிறாள் கட்டிலருகே நிற்கும் மனைவி. இந்தக் குரல் எழாத ஊர் இன்று உண்டா? இராஜபாளையமானாலும் திருவில்லிபுத்தூரானாலும் டில்லியானாலும் இலண்டனானாலும் கிருமிக்கு ஊர் எல்லை இல்லை. 2019ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக் கிருமிகளால் நேரடியாக மாண்டவர்கள் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று, 2022இல் 'லான்செட்' மருத்துவ ஏடு வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கிருமிகளுக்குப் பங்கிருந்த சாவுகளையெல்லாம் சேர்த்தால் 49 இலட்சத்து 50 ஆயிரம்! ஒரு பெரும் போரிலே விழுகிற பிணங்களின் எண்ணிக்கை இது. போர் என்றால் பத்திரிகையில் கொட்டை எழுத்து. இதற்கோ மருத்துவமனைச் சீட்டிலே ஒரு வரி!

எப்படி வந்தது இந்த வாள்? எப்படி மழுங்கியது? யார் மழுங்கவைத்தார்கள்? இதை அறிய வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்ல. மருந்தை விழுங்குகிற நாமும் அறிய வேண்டும்.

1928ஆம் ஆண்டு, இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், கிருமி வளர்த்த தட்டொன்றிலே பூஞ்சணம் பூத்துவிட்டதைக் கண்டார் அலெக்சாண்டர் பிளெமிங். பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் மடிந்துகிடந்தன. மடியவைத்த பொருளுக்குப் பென்சிலின் என்று பெயரிட்டார். ஆனால் அது மருந்தாகக் கைக்கு வர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. புளோரி, செயின் முதலிய அறிஞர்கள் ஆக்ஸ்போர்டிலே பாடுபட்டு அதைப் பிரித்தெடுத்தார்கள். 1941இல் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முகமெல்லாம் சீழ்பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து, சாவின் வாயிலில் கிடந்த மனிதர் அவர். மருந்து சென்றது, காய்ச்சல் தணிந்தது, உணவு கேட்டார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூட மீண்டும் வடித்தெடுத்து ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. போலீஸ்காரர் மாண்டார்.

ஒரு சொட்டு மருந்துக்காகச் சிறுநீரை வடிகட்டிய காலம் அது! இன்று நாம் அதே இன மருந்தைப் பெட்டிக்கடை மிட்டாய்போல வாங்கி, பாதியைத் தின்று, மீதியை அலமாரியில் போட்டுவைக்கிறோம்.

1945இல் பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு. பரிசு பெற்றவர் என்ன பேசுவார்? தம் வெற்றியைப் பேசுவார், நன்றி கூறுவார். பிளெமிங் எச்சரிக்கையும் கூறினார். ஒரு கதை சொன்னார். ஒருவனுக்குத் தொண்டைவலி. அவனே பென்சிலின் வாங்கிக்கொள்கிறான். கிருமியைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் மருந்தை எதிர்க்கக் கிருமிக்குப் பாடம் சொல்லித்தரப் போதுமான அளவு! பாடம் கற்ற கிருமி அவன் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பென்சிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. அவள் சாகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவன்தான் என்று தீர்ப்பும் கூறினார் பிளெமிங். அந்தத் தீர்ப்பைப் பிறகு மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம். முதலில், கிருமி பாடம் கற்பது எப்படி என்று பார்ப்போம்.

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று நம் ஊரிலே சொல்வார்கள். தவறு! பழகியது உடம்பல்ல, கிருமி. ஆகவேதான், வாழ்நாளில் ஒருமுறைகூட ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடாதவரையும் மருந்துக்கு அடங்காத கிருமி தாக்கலாம். எவனோ செய்த பிழைக்கு எவனோ தண்டனை பெறுகிறான்!

வசதியான சூழலிலே சிலவகை பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தடையின்றிப் பெருகினால், பத்தே மணி நேரத்தில் 107 கோடி! ஆலையிலே ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டுக்காரர் வேலையில் முனைவதற்குள் ஒரு கிருமி ஒரு தேசமாகிவிடுகிறது. இத்தனை கோடிப் பிரதிகள் எடுக்கும்போது, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிரதியிலே பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் கிருமிக்குப் பயனில்லை. ஆனால் ஏதோ ஒரு பிழை, மருந்தை வெட்டிப்போடும் கத்தரிக்கோலைக் கிருமியின் கையில் கொடுத்துவிடும், அல்லது மருந்து நுழையும் கதவை அடைத்துவிடும். மருந்து வந்ததும் மற்றவை மடியும், அந்த ஒன்று மட்டும் பிழைக்கும். பிழைத்தது பெருகும். அடுத்தமுறை அதே மருந்து வந்தால், எதிரே நிற்பது அத்தனையும் அந்த ஒன்றின் வாரிசுகள்!

இன்னொரு வித்தையும் கிருமிக்குத் தெரியும். மருந்தை வெல்லும் வழியை ஒரு சிறு மரபணு வளையத்தில் எழுதி, பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கும். தன் இனமல்லாத கிருமிக்கும் கொடுக்கும். இரவோடிரவாகத் துண்டறிக்கை கைமாறுவதுபோல! நம்மிலே ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி பேதம். கிருமிகளுக்குள்ளே அந்தப் பேதம் இல்லை. ஒன்று கற்றால் ஊரெல்லாம் கற்கிறது.

பென்சிலினை வெட்டும் கத்தரிக்கோல் கிருமியிடம் இருப்பதை 1940ஆம் ஆண்டே ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். 1948இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளைச் சோதித்தபோது, பாதிக்குமேல் பென்சிலினுக்கு அடங்காதவை! சரி, புதுவாள் செய்வோம் என்று 1959இல் மெதிசிலின் கொண்டுவந்தார்கள். 1961லேயே அதற்கும் அடங்காத கிருமி கிளம்பிவிட்டதை இங்கிலாந்து மருத்துவ ஏடு அறிவித்தது. மனிதன் ஓடுகிறான், கிருமி துரத்துகிறது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். டில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம், 2008இல் ஒரு கிருமி கண்டெடுக்கப்பட்டது. 'கார்பபெனம்' என்னும் கடைசிக்கட்ட மருந்துகளையே வெட்டிப்போடும் கத்தரிக்கோல் அதனிடம் இருந்தது. அதற்கு 'நியூ டெல்லி' என்ற பெயரையும் சேர்த்து, என்.டி.எம்.-1 என்று அழைத்தார்கள். 2010 ஆகஸ்டில் இதுபற்றிய பெரிய ஆய்வு வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் ஒரு தமிழர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்.-1 கொண்ட கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என்று அந்த ஆய்வு எண்ணிச் சொன்னது.

டில்லியில் என்ன நடந்தது? கோபம் கொப்பளித்தது! எதன்மீது? கிருமியின்மீதா? இல்லை, பெயரின்மீது! "எங்கள் தலைநகரின் பெயரை வைப்பதா? வெளிநாட்டு நோயாளிகள் இங்கே வருவதைக் கெடுக்கும் சதி!" என்று கொதித்தார்கள். ஒரு நகரத்தின் பெயரை நோய்க்குச் சூட்டுவது முறையல்ல என்பது நியாயந்தான். ஆனால் பெயரை மாற்றினால் கிருமி சாகுமா? மறு ஆண்டே, 2011இல், டில்லி நகரத்துத் தண்ணீரைச் சோதித்து மற்றோர் ஆய்வு வந்தது. தெருவிலே தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குடிநீர்க் குழாய் மாதிரிகள் 50இல் 2இலும் அந்த மரபணு இருந்தது. மருத்துவமனைக்குள் இருக்கிறது என்று எண்ணியது தெருவுக்கே வந்துவிட்டது!

இந்தக் கிருமிகளுக்கு மருத்துவமனைமீது ஏன் அத்தனை மோகம்? காரணம் மூன்று. அங்கே நோயால் தளர்ந்த உடல்கள் அருகருகே கிடக்கின்றன. சிறுநீர்க் குழாய், மூச்சுக் குழாய், இரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி என்று உடலுக்குள்ளே நுழையப் பாதைகள் திறந்திருக்கின்றன. மருந்தோ மழையாகப் பொழிகிறது. ஆகவே மருந்தை வென்ற கிருமிதான் அங்கே நிலைக்கிறது. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் என்று அவற்றுக்குப் பெயர்கள். பெயரை மறந்தாலும், அவை ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் பெரும்பாலும் எதில் ஏறிச் செல்கின்றன என்பதை மறக்கவேண்டாம். கையிலே ஏறித்தான்! மருத்துவரின் கை, செவிலியரின் கை, பார்க்கப்போன நம்முடைய கை!

இது புதுச் செய்தியா? 1847இல் வியன்னா நகரத்து மகப்பேற்று மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டார். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்களும் மாணவர்களும் வந்து பிள்ளைப்பேறு பார்த்த பிரிவில், தாய்மார்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். தாதிகள் மட்டுமே பார்த்த பிரிவில் சாவு குறைவு. குளோரின் கலந்த நீரில் கைகழுவச் சொன்னார். சாவு சரிந்தது! போற்றினார்களா அவரை? "எங்கள் கையா அழுக்கு?" என்று சீறினார்கள் மேதைகள். மனநோய் விடுதியிலே 1865இல் மாண்டார் அந்த மனிதர். உண்மையைச் சொன்னவனுக்கு உலகம் கொடுத்த பரிசு! ஆனால் உண்மை அவரோடு சாகவில்லை. இன்றும் மருத்துவமனைக் கிருமியைத் தடுப்பதில் முதற்படை சோப்பும் தண்ணீரும் சாராயம் கலந்த கைகழுவு திரவமுந்தான்.

மருத்துவமனைக்கே போகாதீர்கள் என்று சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். நெருக்கடியில் உயிர்காக்கும் இடம் அதுதான். அந்த இடத்தைத் தூய்மையாக வைத்திரு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

இப்போது பிளெமிங்கின் தீர்ப்புக்கு வருவோம். கணவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் அவர். நம் ஊர்க் கணவனையும் ஏற்றி விசாரிப்போமே! ஆலைத் தொழிலாளி ஒருவன் மருந்துக் கடையிலே நிற்கிறான். "அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க, அந்தக் கேப்சூலையும் சேத்துக் குடுங்க. காலைல ஷிப்டுக்குப் போகணும்."

"ஏன் மருத்துவரிடம் போகவில்லை?"

"போனால் ஒருநாள் கூலி போகும், கட்டணம் வேறு."

"ஏன் இரண்டு நாளோடு நிறுத்தினாய்?"

"காய்ச்சலும் விட்டது, கையிருப்பும் விட்டது."

"ஏன் ஓய்வெடுக்கவில்லை?"

"ஓய்வுக்குச் சம்பளம் யார் தருவார்?"

இந்த விடைகளைக் கேட்டபின், கூண்டிலே இவன் ஒருவன்மட்டும் நிற்பது நீதியாகுமா? கூண்டைப் பெரிதாக்குங்கள்! மருத்துவர் சீட்டில்லாமல் எடுத்துக்கொடுத்த கடைக்காரர் ஏறட்டும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ், வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும், நோயாளி அடுத்த மருத்துவரைத் தேடிப் போய்விடுவாரே என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர் ஏறட்டும். சோதித்துப் பாராமல் பெரிய மருந்தில் தொடங்கும் மருத்துவமனை ஏறட்டும். நோயில்லாத கோழிக்கும், கொழுக்கவேண்டும் என்று தீவனத்தில் மருந்து கலந்தவர்கள் ஏறட்டும். மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள கொலிஸ்டின் மருந்தையே கோழிக்குப் போட்டார்கள்! 2019 ஜூலையில்தான் மைய அரசு அதைத் தடைசெய்தது.

மருந்துக் கம்பெனி முதலாளிகளும் ஏறட்டும். நாள்தோறும் விழுங்கும் மாத்திரை என்றால் இலாபம் நாள்தோறும் வரும். ஏழுநாள் உண்டு நிறுத்தும் மருந்தில், அதிலும் தேவைப்பட்டாலன்றித் தொடாதே என்று பூட்டிவைக்கும் மருந்தில், என்ன இலாபம்? ஆகவே பெரிய கம்பெனிகள் பல இந்த ஆராய்ச்சியையே கைவிட்டன. 2018இல் புதிய ஆன்டிபயாடிக்குக்கு அனுமதி பெற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனி, மறு ஆண்டே திவாலானது. உயிர்காக்கும் மருந்து கண்டவன் திவால்! இதுதான் இலாபத்தின் நீதி. சந்தை தானாகப் புதுவாள் வடித்துத் தரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். நமக்கு இருக்கிற வாளைக் காக்கவேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்று வகுத்து, மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தக் கோரின. 2013இல் அறிவித்து, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது 'எச்-1' என்னும் மருந்துப் பட்டியல். அதிலே முதலில் 46 மருந்துகள். அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு காக்கவேண்டும். மருந்து அட்டையிலே சிவப்புக்கோடு கண்டால், சீட்டின்றி வாங்காதே என்று 2016இல் பிரசாரமும் செய்தார்கள். நம் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற கேரளம், இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாக 2018இல் இதற்கெனத் தனிச் செயல்திட்டம் வகுத்தது. ஏட்டிலே சட்டம் உண்டு. கடைத்தெருவிலே உண்டா என்பதுதான் கேள்வி.

"ஏழைகளுக்கு இதெல்லாம் சொன்னால் புரியுமா? ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்களா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்குச் சென்னையே விடை சொல்லியிருக்கிறது! 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கிற்று. காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவேண்டும், சத்துணவு வேண்டும், ஓய்வு வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம். சென்னை ஏழைகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், ஒரு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலுமே வைத்து, இருவருக்கும் அதே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவரும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்! உலகத்தின் காசநோய் மருத்துவமே அதன்பின் மாறிற்று. மருந்தை இலவசமாகக் கொடுத்து, வீடுதேடி வந்து விசாரித்து, பொறுமையாக விளக்கினால், ஏழை ஒழுங்காக உண்பான் என்று மெய்ப்பித்த ஊர் சென்னை. குறை ஏழையிடம் இல்லை, ஏழையை அணுகும் முறையில் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, நமக்கென்று வேலை இருக்கிறது. ஆன்டிபயாடிக் என்பது நம் சட்டைப்பையில் உள்ள சொந்தப் பொருளல்ல, ஊர்க்கிணறு! ஒருவன் கலக்கினால் ஊரே தவிக்கும். மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள். அவர் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். நீங்களாக ஒருநாள் குறைக்கவும் வேண்டாம், ஒருநாள் கூட்டவும் வேண்டாம். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அது தானமல்ல, தீங்கு! "ஐயா, இந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் அவசியந்தானா?" என்று மருத்துவரிடம் பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள், தகுதி இருந்தால், நோய்க்கால விடுப்புக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை பெறலாம் என்பதை அறிந்து, கேட்டு வாங்குங்கள். பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடங்களுக்கு அந்தக் காப்பீடு பொதுவாகக் கட்டாயமில்லை. அங்கே வேலை செய்பவனுக்கும் காய்ச்சல் வருமே, அவனுக்கு வழி என்ன என்று தொழிற்சங்கத்திலே பேசுங்கள். கூலியோடு கூடிய ஓய்வும் கிருமியை வெல்லும் மருந்துதான்!

ஆட்சியிலிருப்போர் எவராயினும் அவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. எங்கள் அரசு மருத்துவமனையிலே கிருமி வளர்ப்புச் சோதனை உண்டா? நோயாளியின் சிறுநீரையோ சீழையோ தட்டிலே வளர்த்து, மருந்து தோய்த்த வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளரவில்லை என்று பார்த்து மருந்தைத் தேர்வது அந்தச் சோதனை. இரண்டு மூன்று நாளில் விடை தெரியும். அது இல்லாத இடத்தில் மருத்துவர் இருட்டிலே வாள் வீசுகிறார்! மருந்துக்கடைப் பதிவேட்டை அதிகாரி கடைசியாக எப்போது பார்த்தார்? வார்டைத் துடைக்கும் தூய்மைப் பணியாளருக்குப் போதிய ஆள்பலமும் கையுறையும் முறையான சம்பளமும் உண்டா? துடைப்பம் பிடிக்கும் அந்தக் கையும் உயிர்காக்கும் கை அல்லவா!

படிப்பகத்திலே இதைப் படித்துக்காட்டுங்கள். தேநீர்க்கடையிலே பேசுங்கள். ஆலை வாயிலிலே சொல்லுங்கள். ஒரு கிருமி கற்ற பாடத்தை 20 நிமிடத்தில் மறு கிருமிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆறறிவு படைத்த நாம் கற்ற பாடத்தைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொள்ளப்போகிறோம்?